பட்டத்துக்கும் சம்பளத்துக்கும் நடுவே ஓராண்டு

2024ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் கடைசிப் பருவத் தேர்வு முடிவு வந்து கல்லூரியை விட்டு வெளியேறியவர்களுக்கு ஓராண்டு கடந்துவிட்டது. அப்போது பல ஊர்களில் ஜமாஅத்தும் இளைஞர் மன்றங்களும் பாராட்டு விழா நடத்தின. சால்வை, நினைவுக் கேடயம், வாட்ஸ்அப் குழுவில் படம். இந்த வருடம் அதே மேடையில் 2025இல் முடித்தவர்கள் நிற்கிறார்கள். போன வருடம் நின்றவர்கள் இப்போது எங்கே என்று மேடையில் யாரும் கேட்பதில்லை.

நாம் கேட்டுப் பார்த்தோம். ஒருவர் சென்னை துரைப்பாக்கத்தில் ஐடி நிறுவனத்தில் இருக்கிறார். இரண்டு பேர் மெடிக்கல் கோடிங். ஒருவர் மச்சானின் துணிக்கடையில் கல்லாவைப் பார்த்துக் கொள்கிறார். இன்னொருவர் விசிட் விசாவில் துபாய் போய் இரண்டு மாதத்தில் திரும்பி வந்துவிட்டார். குரூப் 4 தேர்வு எழுதிவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. காத்திருக்கும்போதே மாலையில் பைக்கில் உணவு டெலிவரிக்குப் போகிறவர்களும் உண்டு. பெண் பிள்ளைகளில் கணிசமானோர் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

இவர்களில் நன்றாகப் படித்தவர்களும் சுமாராகப் படித்தவர்களும் கலந்தே இருக்கிறார்கள். வேலையில் நிலைத்தவருக்கும் நிலைக்காதவருக்கும் இடையிலான வித்தியாசத்தை மதிப்பெண்ணில் தேடினால் கிடைக்கவில்லை. பட்டம் வாங்கிய பின் ஆறு மாதமோ எட்டு மாதமோ சம்பளம் இல்லாமலோ அரைச் சம்பளத்திலோ தாக்குப்பிடிக்க யாருக்கு வசதி இருந்தது என்பதில்தான் அது கிடைக்கிறது. கல்லூரிக் கட்டணத்துக்கு உதவித்தொகை இருக்கிறது, கடன் இருக்கிறது, ஸகாத் நிதி கூட இருக்கிறது. இந்த முதல் ஆண்டுக்கு எதுவும் இல்லை. அரசும் குடும்பமும் ஊரும் சேர்ந்து கணக்கில் எடுக்க மறந்த ஆண்டு இது.

படித்தவனுக்கு ஏன் வேலை கிடைப்பதில்லை?

தமிழ்நாட்டில் கல்லூரிக்குப் போவது அரிய விஷயமாக இருந்த காலம் போய்விட்டது. ஒன்றிய அரசின் 2021-22ஆம் ஆண்டு உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, கல்லூரி செல்லும் வயதினரில் மொத்தச் சேர்க்கை விகிதம் இந்திய அளவில் 28.4 சதவீதம். தமிழ்நாட்டில் 47. ஏறத்தாழ இரண்டில் ஒருவர். பல வீடுகளில் முதல் தலைமுறைப் பட்டதாரி என்பதே பெருமையான சொல். அந்தப் பெருமை நியாயமானதும்கூட.

ஆனால் வேலைச் சந்தை அந்த வேகத்தில் வளரவில்லை. 2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரையிலான ஒன்றிய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு, 15 வயதுக்கு மேற்பட்டோரிடையே வேலையின்மை 3.2 சதவீதம் என்கிறது. 15 முதல் 29 வயது வரை மட்டும் எடுத்தால் அது 10.2. படிப்பைச் சேர்த்துப் பார்த்தால் படம் இன்னும் கறுக்கிறது. சர்வதேச தொழிலாளர் அமைப்பும் டெல்லியிலுள்ள மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024 மார்ச்சில் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022இல் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே வேலையின்மை 3.4 சதவீதம். பட்டதாரி இளைஞர்களிடையே 29.1 சதவீதம்.

இதைப் பார்த்துவிட்டு 'படித்து என்ன பயன்' என்று சொல்லக் கிளம்பும் பெரியவர்கள் நம் ஊர்களில் உண்டு. அது தவறான முடிவு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வேலை இல்லாமல் ஒரு வாரம் இருக்க முடியாது. கிடைத்ததைச் செய்தே ஆக வேண்டும். அதனால் அவர் புள்ளிவிவரத்தில் 'வேலை உள்ளவர்' ஆகிவிடுகிறார். பட்டதாரி தன் படிப்புக்கேற்ற வேலைக்குக் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்புக்கான செலவைச் சுமப்பது அவருடைய வாப்பாவும் உம்மாவும்.

2024இல் முடித்தவர்களுக்கு இன்னொரு கெட்ட நேரமும் சேர்ந்துகொண்டது. அவர்கள் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த 2023-24 நிதியாண்டில் டிசிஎஸ், இன்ஃபோசிஸ், விப்ரோ ஆகிய மூன்று நிறுவனங்களின் மொத்த ஊழியர் எண்ணிக்கை சுமார் 64,000 குறைந்தது. வளாக நேர்காணலுக்கு வர வேண்டிய நிறுவனங்கள் வரவில்லை. வந்தவையும் குறைந்த ஆட்களையே எடுத்தன. அதற்கு முன் 2022இல் தேர்வானவர்களே பணி நியமனத் தேதிக்காக இரண்டு வருடம் வரை காத்திருந்தார்கள். அப்படிக் காத்திருந்து 2024 இறுதியில் சேர்ந்தவர்களில் முந்நூறுக்கும் மேற்பட்டோரை, உள்தேர்வில் தேறவில்லை என்று கூறி, மைசூரு பயிற்சி வளாகத்திலிருந்து 2025 பிப்ரவரியில் ஒரே நாளில் வெளியேற்றியதும் நடந்தது. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் 2 சதவீதத்தை, அதாவது பன்னிரண்டாயிரம் பேர் அளவில், குறைக்கப் போவதாக அறிவித்தது. அனுபவசாலிகள் வெளியே வரும் சந்தையில் புதிதாக வருபவர் யாருடன் போட்டியிட வேண்டியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்று லட்சம் என்பது எவ்வளவு?

வேலை கிடைத்தவர்கள் கதைக்கு வருவோம். 'வருடத்துக்கு மூன்று லட்சம் பேக்கேஜ்' என்று வீட்டில் சொன்னதும் உம்மா அதைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 25,000 என்று கணக்குப் போடுகிறார். அக்காவின் கல்யாணக் கடன், வீட்டு வாடகை, தம்பியின் கட்டணம் எல்லாம் அந்தக் கணக்கில் ஏறிவிடுகின்றன. முதல் மாதம் வங்கியில் வந்து விழும் தொகையைப் பார்த்ததும் வீட்டில் சந்தேகம் கிளம்புகிறது: பையன் மறைக்கிறானோ?

பையன் மறைக்கவில்லை. சிடிசி என்பது நிறுவனத்துக்கு அந்த ஊழியரால் ஆகும் மொத்தச் செலவு. அதில் நிறுவனம் செலுத்தும் பிஎஃப் பங்கும் அடக்கம். அடிப்படைச் சம்பளத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் 15,000 ரூபாய் உச்சவரம்பில் 12 சதவீதம் என்றால் மாதம் 1,800 ரூபாய். ஐந்து வருடம் இருந்தால்தான் கைக்கு வரும் பணிக்கொடையும் அதில் அடக்கம். பல நிறுவனங்களில் காப்பீட்டுப் பிரீமியமும், 'செயல்திறனைப் பொறுத்தது' என்று ஒதுக்கி வைத்த தொகையும் அதற்குள்தான். பிறகு ஊழியர் தம் பங்காக இன்னொரு 1,800 செலுத்த வேண்டும். இவையெல்லாம் போக மூன்று லட்சத்தில் கைக்கு வருவது மாதம் இருபதாயிரத்தை ஒட்டித்தான். பிஎஃப் பணம் எங்கும் போய்விடவில்லை, அது அவருடைய சேமிப்புதான். ஆனால் இந்த மாத வாடகையை அதைக் கொண்டு கட்ட முடியாது.

இந்த மூன்று, மூன்றரை லட்சம் என்ற தொடக்கச் சம்பளம் ஐடி துறையில் பத்துப் பதினைந்து வருடங்களாக ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கிறது. பொறியியல் அல்லாத மூன்றாண்டுப் பட்டம் என்றால் அதைவிடவும் குறைவு. சென்னையில் பெரும் எண்ணிக்கையில் ஆட்களைக் கொண்ட காக்னிசன்ட், 2024 ஆகஸ்டில் வருடத்துக்கு 2.52 லட்சம் என்று ஆளெடுக்க அறிவித்தபோது சமூக வலைத்தளங்கள் கேலியில் நிரம்பின. அது பொறியாளர்களுக்கானதல்ல, பி.எஸ்சி., பி.காம். போன்ற பட்டங்களுக்கானது என்று நிறுவனம் விளக்கம் தந்ததும் கேலி அடங்கியது. நமக்கு அந்த விளக்கம்தான் வலித்தது. நம் ஊர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பது அந்தப் பட்டங்களைத்தானே?

2.52 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் 21,000. சென்னை பெருங்குடி, வேளச்சேரி, சிறுசேரி பக்கம் சாப்பாட்டுடன் பகிர்ந்து தங்கும் ஹாஸ்டலுக்கு மாதம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் வரை ஆகிறது. போக்குவரத்து, கைப்பேசி, உடை, மாதம் ஒருமுறை ஊருக்குப் போய்வர பஸ் செலவு. வீட்டுக்கு ஐந்தாயிரம் அனுப்பினால் பெரிய விஷயம்.

இதில் மாதச் செலவைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. வேலையில் சேர்வதற்கே பணம் வேண்டும். ஹாஸ்டல் முன்பணம், முதல் மாத வாடகை, அலுவலகத்துக்கேற்ற இரண்டு செட் உடை, சில இடங்களில் மருத்துவப் பரிசோதனை, சான்றிதழ் நகல்கள், முதல் சம்பளம் வரும்வரை சாப்பாடு. மாத நடுவில் சேர்ந்தால் முழுச் சம்பளம் கைக்கு வர ஒன்றரை மாதம் ஆகும். எல்லாம் சேர்த்தால் இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்குக் குறையாது. ராமநாதபுரத்திலோ வாணியம்பாடியிலோ தேனியிலோ இருந்து வரும் சாதாரணக் குடும்பத்துக்கு இது சிறிய தொகை இல்லை. மூன்று வருடக் கட்டணம் கட்டி முடித்த கையோடு வருகிற செலவு இது. பணி நியமனக் கடிதம் வந்தும் 'சென்னை வேண்டாம், ஊர்ப் பக்கமே ஏதாவது பார்க்கலாம்' என்று பலர் சொல்வதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. வெளியே சொல்லும் காரணம் வேறாக இருக்கும்.

அரசு தரும் ஐயாயிரம், ஒன்பதாயிரம், அறுநூறு

இது நம் கற்பனை இல்லை என்பதற்கு ஒன்றிய அரசின் சொந்தத் திட்டமே சாட்சி. ஐந்து வருடத்தில் ஒரு கோடி இளைஞர்களுக்கு நாட்டின் 500 பெரிய நிறுவனங்களில் பயிற்சி என்று 2024 ஜூலை பட்ஜெட்டில் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தை அறிவித்தார்கள். ஓராண்டுப் பயிற்சி, மாதம் 5,000 ரூபாய், சேரும்போது ஒருமுறை 6,000. அக்டோபரில் முன்னோட்டமாகத் தொடங்கிய முதல் சுற்றில் 82,000க்கும் அதிகமான வாய்ப்புக் கடிதங்கள் போயின. ஏற்றுக்கொண்டவர்கள் 28,000 அளவில். கடைசியில் போய்ச் சேர்ந்தவர்கள் 8,700 பேர்தான். இடம் தொலைவு, ஓராண்டு என்பது நீண்ட காலம், கொடுத்த வேலை பிடிக்கவில்லை என்பவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. ஐயாயிரம் ரூபாயில் வேறு நகரத்தில் வீடெடுத்துத் தங்க முடியாது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு முன்னோட்டம் தேவைப்பட்டிருக்கிறது!

தொழிற்பழகுநர் திட்டத்தில் பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை 2019இல் மாதம் 9,000 என்று நிர்ணயிக்கப்பட்டது. தொழிற்சாலைப் பக்கம் போகிறவர்களுக்கு இது நல்ல நுழைவாயில். பேருந்தில் போய்வரும் தூரத்தில் தொழிற்சாலை இருந்தால் மட்டும். மாநில அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். அதையும் பெற வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000க்குள் இருக்க வேண்டும். நியாயமாகச் சொல்வதென்றால், படிக்கும் காலத்துக்கு மாநில அரசு நிறையவே செய்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய், 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் திறன் பயிற்சி, வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தோழி விடுதிகள். ஆனால் மாதம் ஆயிரம் ரூபாய், கல்லூரியின் கடைசி மாதத்தோடு நின்றுவிடுகிறது. பணம் மிக அதிகமாகத் தேவைப்படும் மாதம் அதற்கு அடுத்த மாதம்.

இந்த நிலையில் அரசுத் தேர்வின் மீது கூட்டம் விழுவதில் வியப்பில்லை. 2024 குரூப் 4 தேர்வு 6,244 இடங்களுக்கு அறிவிக்கப்பட்டது. பின்னர் இடங்கள் கூட்டப்பட்டன. விண்ணப்பித்தவர்கள் இருபது லட்சத்துக்கும் மேல். 2025 ஜூலை 12 அன்று நடந்த தேர்வில் 3,935 இடங்களுக்குச் சுமார் 13.89 லட்சம் பேர். ஓர் இடத்துக்கு ஏறத்தாழ 350 பேர். பத்தாம் வகுப்புத் தகுதி போதும் என்ற தேர்வை முதுகலை முடித்தவர்கள் எழுதுகிறார்கள். எழுதட்டும், பின்தங்கிய முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 சதவீத உள்ஒதுக்கீடும் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விடுவது நஷ்டம். ஆனால் எத்தனை வருடம் எழுதுவது என்று முதல் நாளே வீட்டில் பேசி வைத்துக்கொள்பவர்களை நாம் அதிகம் பார்க்கவில்லை. அந்தப் பேச்சு இல்லாததால் 22 வயதில் தொடங்கிய காத்திருப்பு 27இல் முடிகிறது. அப்போது அவரிடம் அரசு வேலையும் இல்லை, அனுபவமும் இல்லை.

கையெழுத்துப் போடும் முன்

சின்ன நிறுவனங்களில் சேர்பவர்கள் சந்திக்கும் பிரச்சினை வேறு. பயிற்சிக் கட்டணம் என்று முப்பதாயிரம், நாற்பதாயிரம் கேட்பது. இரண்டு வருடம் போகமாட்டேன் என்று பாண்டு எழுதி வாங்குவது. அசல் சான்றிதழ்களை வாங்கி அலமாரியில் பூட்டி வைப்பது. மூன்றையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

பாண்டு சட்டப்படி செல்லாது என்று நம்மவர்கள் பலர் உறுதியாகச் சொல்வதைக் கேட்கிறோம். அப்படி இல்லை. ஒரு பொதுத்துறை வங்கி தன் அதிகாரிகள் மூன்று வருடத்துக்கு முன் விலகினால் இரண்டு லட்சம் தர வேண்டும் என்று வைத்த நிபந்தனை செல்லும் என்று உச்சநீதிமன்றம் 2025 மே 14 அன்று தீர்ப்பளித்தது. ஆட்களைத் தேர்ந்தெடுக்க வங்கிக்கு ஆகும் செலவு, அதிகாரிகளின் சம்பள நிலை ஆகியவற்றையும் கணக்கில் கொண்டே அந்தத் தீர்ப்பு வந்தது. அதற்காக, மாதம் 12,000 சம்பளம் தரும் நிறுவனம் மூன்று லட்சம் என்று எழுதி வாங்கினால் முழுவதையும் வசூலித்துவிட முடியும் என்றும் பயப்பட வேண்டாம். ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் எழுதிய தொகைக்கு உட்பட்டு நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. பாண்டில் கையெழுத்துப் போடலாமா என்பது தொகையையும் காலத்தையும் சொல்லித்தரும் வேலையையும் பொறுத்தது. அசல் சான்றிதழைக் கொடுப்பது என்பது அப்படி எடை போட வேண்டிய விஷயமே இல்லை. கொடுக்கக் கூடாது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும்.

பணம் வாங்கிக்கொண்டு 'மூன்று வருட அனுபவம்' என்று பொய்ச் சான்று செய்து தரும் பயிற்சி மையங்களும் சென்னையில் பெருகியிருக்கின்றன. பின்னணிச் சரிபார்ப்பில் மாட்டினால் வேலை போவதோடு நிற்காது. அந்தத் துறையில் பெயரும் போய்விடும். மாட்டாவிட்டாலும் மாதாமாதம் வீட்டுக்கு வரும் சம்பளம் எந்த அடித்தளத்தில் நிற்கிறது என்ற கேள்வியை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இதே இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடலாம். பி.காம்., பி.பி.ஏ. முடித்தவர்களுக்கு எளிதில் திறக்கும் கதவுகளில் பல, தனியார் வங்கி, நுண்கடன், காப்பீடு விற்பனை என்றே இருக்கின்றன. வட்டி சார்ந்த வேலை கூடுமா என்ற கேள்வி சேர்ந்து மூன்று மாதம் கழித்து வீட்டில் எழுகிறது, பையன் விலகுகிறான், விண்ணப்பத்தில் மூன்று மாத வேலை என்ற கறை தங்கிவிடுகிறது. நேர்காணலுக்குப் போகும் முன்பே, ஆலிம் ஒருவரிடம் கேட்டுத் தெளிவாகிப் போயிருக்கலாம். ஜுமுஆ நேரமும் அப்படித்தான். நியமனக் கடிதம் வாங்கும் நாளில் பணிவாகக் கேட்டால் பெரும்பாலான இடங்களில் உணவு இடைவேளையை மாற்றித் தருகிறார்கள்.

வளைகுடா இனி அந்தப் பழைய கதவு அல்ல

வாப்பா போன வழியில் மகனும் என்ற எண்ணம் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறது. வாப்பா போன காலத்து வளைகுடா இன்று இல்லை. சவூதி அரேபியா 2024 ஜூலை முதல் தனியார் துறையின் பொறியியல் பணிகளில் 25 சதவீதம் உள்நாட்டினருக்கு என்று உயர்த்தியது. இந்தியர்களின் தொழில்சார் விசாக்களுக்குக் கல்வித் தகுதியை முன்கூட்டியே சரிபார்ப்பது 2025 ஜனவரி முதல் கட்டாயமானது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 50 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்கள் திறன்சார் பணிகளில் ஆண்டுக்கு 2 சதவீதம் உள்நாட்டினரைக் கூட்ட வேண்டும். அந்தக் கடமை 2024 முதல் குறிப்பிட்ட துறைகளில் 20 பேர் உள்ள நிறுவனங்கள் வரை இறங்கியிருக்கிறது. அவர்கள் நாடு, அவர்கள் பிள்ளைகள். குறை சொல்ல ஒன்றுமில்லை. புதிதாகப் படித்து முடித்த அனுபவமில்லாத பட்டதாரிதான் இதில் முதலில் அடிபடுகிறார்.

விசிட் விசாவில் போய் வேலை தேடுவது பல குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. தேடுவது வேறு, விசிட் விசாவிலேயே வேலை செய்வது வேறு. முறையான அனுமதியின்றி ஆளை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று அமீரகம் 2024 ஆகஸ்டில் சட்டத்தைத் திருத்தியது. 'முதலில் வேலையில் சேருங்கள், விசாவை அப்புறம் மாற்றித் தருகிறோம்' என்று சொல்லும் நிறுவனம் தானே பெரிய ஆபத்தில் இருக்கிறது. நாளைக்குச் சம்பளம் தராவிட்டால் அந்த இளைஞர் போய் முறையிடவும் துணியமாட்டார். டிக்கெட், விசா, தங்குமிடம் என்று இரண்டு மாதத்துக்கு ஒன்றரை லட்சம் வரை செலவழித்துத் திரும்பியவர்களை நாம் சந்தித்தோம். சென்னையில் தங்கி வேலை தேட இருபத்தைந்தாயிரம் தரத் தயங்கிய அதே குடும்பங்கள்தான் நகையை வைத்து இந்தச் செலவைச் செய்திருந்தன.

படித்தவர்களுக்கு இதில் பாதுகாப்பு கூடுதல் என்று நினைக்கிறோம். நடைமுறை நேர்மாறானது. பத்தாம் வகுப்பு தேறாதவரின் கடவுச்சீட்டில் குடியேற்றச் சோதனை தேவை என்ற முத்திரை இருக்கும். அவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும்போது ஒப்பந்தத்தை அரசு அலுவலகம் ஒன்று பார்த்த பிறகே அனுமதி தருகிறது. பட்டதாரிக்கு அந்த முத்திரை கிடையாது. எனவே அவருடைய ஒப்பந்தத்தை யாரும் பார்ப்பதில்லை. பதிவுபெற்ற முகவர் ஒருவர் சட்டப்படி வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் என்பதும் பலருக்குத் தெரியாது. கிண்டியில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. அங்கே போய் விசாரித்தவர்கள் மிகக் குறைவு.

இந்தக் கவனமின்மையின் கொடிய வடிவம் தென்கிழக்கு ஆசியாவில் நடந்தது. 'டேட்டா என்ட்ரி வேலை, தாய்லாந்தில், கணினி தெரிந்தால் போதும்' என்ற விளம்பரத்தை நம்பிப் போனவர்கள் மியான்மர், கம்போடியா, லாவோஸ் நாடுகளில் இணைய மோசடிக் கூடாரங்களில் அடைக்கப்பட்டார்கள். 2022இலேயே தமிழ்நாட்டு இளைஞர்கள் மீட்கப்பட்டு வந்தார்கள். அப்படியும் 2025 மார்ச்சில் மியான்மர் எல்லையிலிருந்து 549 இந்தியர்களை இரண்டு விமானப்படை விமானங்களில் கொண்டுவர வேண்டியிருந்தது. ஆங்கிலம் பேசவும் கணினியில் வேலை செய்யவும் தெரிந்தவர்கள்தான் அந்தக் கூடாரங்களுக்குத் தேவை. அதாவது, பட்டதாரிகள்.

முறையாகப் போகிறவருக்கும் ஒரு தடை உண்டு. அமீரகத்தில் திறன்சார் வேலைக்கு அசல் பட்டச் சான்றிதழ், மாநில அளவிலும் வெளியுறவு அமைச்சகத்திலும் தூதரகத்திலும் சான்றொப்பம் பெற்றிருக்க வேண்டும். தற்காலிகச் சான்றிதழை வைத்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்க முடியாது. இங்கோ பாரதியார் பல்கலைக்கழகம் 2022 அக்டோபரிலிருந்தும், சென்னைப் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டிலிருந்தும், அண்ணா பல்கலைக்கழகம் 2024 ஆகஸ்டிலிருந்தும் 2025இலும் துணைவேந்தர் இல்லாமல் இருந்தன. ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் இடையிலான வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. மாணவர் கையில் அசல் சான்றிதழ் எப்போது வரும் என்பது அந்த வழக்கில் யாருடைய வாதமும் இல்லை.

வீட்டில் இருக்கும் பட்டதாரிகள்

கீழக்கரை, காயல்பட்டினம், மேல்விஷாரம் என்று நம் ஊர்களிலேயே பெண்கள் கல்லூரிகள் வந்தபின், பெண் பிள்ளைகளின் படிப்பு பெரிய அளவில் மாறிவிட்டது. பல வகுப்புகளில் முதல் மதிப்பெண் அவர்களுடையதுதான். ஓராண்டு கழித்துக் கேட்டால், திருமணம் ஆனவர்கள், பேசி முடித்தவர்கள், பக்கத்துப் பள்ளியில் பத்தாயிரத்தைத் தாண்டாத சம்பளத்துக்குப் பாடம் நடத்துகிறவர்கள். வேலைக்குப் போவதும் போகாததும் அந்தப் பெண்ணும் குடும்பமும் முடிவு செய்வது. நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் போக விரும்பி, வீட்டிலும் சம்மதித்து, நேர்காணலுக்குப் போனவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

2022இல் லெட் பை அறக்கட்டளை ஒரு சோதனை செய்தது. ஒரே தகுதி கொண்ட இரண்டு விண்ணப்பங்கள்; ஒன்றில் ஹிந்துப் பெண்ணின் பெயர், மற்றதில் முஸ்லிம் பெண்ணின் பெயர். ஆயிரம் வேலை அறிவிப்புகளுக்கு இரண்டும் அனுப்பப்பட்டன. ஹிந்துப் பெயருக்கு 208 நிறுவனங்கள் சாதகமாகப் பதிலளித்தன; முஸ்லிம் பெயருக்கு 103. படமோ ஹிஜாபோ எதுவும் அந்த விண்ணப்பத்தில் இல்லை. பெயர் மட்டும்தான். இது தமிழ்நாட்டில் மட்டும் நடந்த சோதனை அல்ல. இங்கே நிலைமை இவ்வளவு மோசம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பத்து விண்ணப்பம் போட்டுப் பதில் வராமல் 'எனக்குத் தகுதியில்லை போல' என்று ஒதுங்கிவிடும் பெண், இருபது போட்டிருந்தால் கிடைத்திருக்கலாம் என்பதை அந்த எண்கள் சொல்கின்றன. இருபது போடுவதற்கு இன்னும் சில மாதங்கள் வேண்டும். அந்தச் சில மாதங்களைத்தான் வீடுகள் தருவதில்லை. ஆண் பிள்ளைக்கு 'தேடிக்கொண்டிருக்கிறான்' என்று இரண்டு வருடம் தரும் வீடு, பெண் பிள்ளைக்கு ரமளான் முடியும்வரை என்று தவணை வைக்கிறது.

ஊர் மட்டத்தில் என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு நம்மிடம் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு நடுத்தர மஹல்லாவில் வருடத்துக்கு முப்பது பேர் பட்டம் பெறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாதிப் பேருக்குக் குடும்பமே பார்த்துக்கொள்ளும். மீதிப் பதினைந்து பேருக்கு, வெளியூரில் வேலைக்கான நியமனக் கடிதத்தைக் காட்டினால், ஆளுக்கு 25,000 ரூபாய் வட்டியில்லாக் கடன், அதாவது கர்ளன் ஹஸனா. மொத்தம் 3,75,000. நான்காவது மாதச் சம்பளத்திலிருந்து மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு வீதம் பத்துத் தவணையில் திரும்பி வந்தால், அடுத்த வருடம் முடிப்பவர்களுக்கு அதே பணம் போதும். பைத்துல்மால் இயங்கும் ஊர்களில் இதற்குப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. ஒரு பதிவேடும், நியமனக் கடிதத்தையும் பாண்டையும் படித்துப் பார்த்துச் சொல்ல ஒரு வழக்கறிஞரோ ஓய்வுபெற்ற அலுவலரோ இருந்தால் போதும்.

2025இல் முடித்தவர்களின் கையில் இப்போது தற்காலிகச் சான்றிதழ் வந்திருக்கிறது. நியமனக் கடிதம் வந்தவர்களில் சிலர் அடுத்த மாதம் முதல் தேதியில் சேர வேண்டும்.